பொன்னம்மா என்ற பெயர் மூடப்பட்டது

மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் விஜயா என்ற பெயர் தீர்ந்துபோனது ஐம்பத்தேழாம் ஆண்டு ஜூன் மாதத்தில்.

அரிசி தீர்ந்துபோகும், மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும். ஜப்பான்காரன் காலத்தில் உப்புகூடத் தீர்ந்துபோயிற்று. ஆனால் பெயர் தீர்ந்துபோகும் என்பது மலாக்காத் தமிழர்களுக்கு அதுவரை தெரியாது. ஒருநாள் காலை குழந்தைகள் கிளினிக்கில் தாதி வாசலுக்கு வந்து, "விஜயா!" என்று கூப்பிட்டாள். பாதி பெஞ்சு எழுந்து நின்றது. எந்த விஜயாவுக்கு ஊசி போட்டார்கள், எந்த விஜயாவுக்கு இரண்டு தடவை போட்டார்கள் என்ற வழக்கு சாயங்காலம்வரை தீரவில்லை.

இத்தனை விஜயாக்களுக்குக் காரணம் சினிமா என்று சிலர் சொன்னார்கள். பாசார் பக்கத்துத் துணிக்கடை முதலாளி தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தார், பிள்ளை சிவப்பாக இருந்தது, அதைப் பார்த்து எல்லோரும் வைத்தார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். தாய்மார்களைக் கேட்டால், "எல்லாரும் வைக்கிறாங்க, அதான்" என்றார்கள். உண்மையான காரணம் அதுதான்.

இந்தச் செய்தி கலியாணசுந்தரம் அவர்களின் காதுக்குப் போனது. அவர் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யுத்த காலத்தில் அரிசி ரேஷன் வரிசையை மேய்த்தவர். யுத்தம் முடிந்து வரிசை கலைந்ததிலிருந்து அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. விஜயா விவகாரத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆகஸ்டு மாதம் நாடு சுதந்திரம் அடையப் போகிறது. நம் சமூகத்தில் பெயர் ஒழுங்கு இல்லையென்றால் வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்?" என்று ஊரைக் கூட்டிக் கேட்டார்.

"அவன்தான் போகப் போறானே, ஐயா" என்றது பின்வரிசை.

"போகும்போது நினைப்பான்" என்றார் கலியாணசுந்தரம். கூட்டம் கை தட்டியது. குழந்தைப் பெயர் ஒழுங்குச் சபை பிறந்தது.

சபையின் விதி எளிமையானது. ஒரு பெயர், ஒரு வருஷத்தில், சபை போதும் என்று நினைக்கும் அளவுக்குத்தான் வைக்கப்படலாம். அதற்குமேல் அந்தப் பெயர் மூடப்படும். மூடிய பெயர்களைச் சபை கூடிய மாடியறையின் படி உச்சியில் இருந்த கரும்பலகையில் எழுதினார்கள். அரசாங்கத்துக்கு இப்படி ஒரு சபை இருப்பதே தெரியாது. ஆனால் கலியாணசுந்தரம் கோயில் கமிட்டியிலும் தலைவர். சபையின் சீட்டு இல்லாத குழந்தையின் காதில் பெயர் சொல்ல மாட்டேன் என்று குருக்கள் சொல்லிவிட்டார். அவருக்கும் சம்பளம் வேண்டுமே.

இந்த நேரம் பார்த்து சேதுராமனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சேதுராமன் ஆற்றோரத்து ரப்பர் கிடங்கில் மூட்டைகளுக்கு மார்க் போடுகிறவர். தகரத்தில் வெட்டிய எழுத்துகளை மூட்டைமேல் வைத்து மை தடவ வேண்டும். கிடங்கு முதலாளியான தவுக்கே சொன்ன எழுத்தை வைப்பார். தவறாகச் சொன்னாலும் வைப்பார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. வீட்டில் அவர் மனைவி மல்லிகா, "விஜயாதான்" என்று சொல்லியிருந்தாள். அதையும் எதிர்க்கவில்லை. சபைக்குப் போனார்.

"விஜயா மூடியாச்சு" என்றார் தலைவர் தலை நிமிராமல்.

பக்கத்தில் செயலாளர் நல்லையா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருக்குச் சேதுராமனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "தம்பி, ஒரு விஜயாக் குடும்பம் சிங்கப்பூருக்குக் குடி போகப் போகுதாம். அவையள் போனா ஒரு இடம் காலியாகும். பொறுத்திருங்கோ."

"எப்பங்க போவாங்க?"

"அது அவையளுக்கே தெரியாது."

சேதுராமன் வீடு திரும்பினார். குழந்தை பெயரில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பொறுத்திருப்பது அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரம்பாய் தோட்டத்திலிருந்து அக்கா வந்துவிட்டாள்.

அக்கா பெயர் பொன்னம்மா. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன அப்பா திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போனாள். அன்றிலிருந்து தோட்டத்தில் மரம் சீவித் தம்பியை வளர்த்தவள் அக்கா. வந்த மாப்பிள்ளைகளிடம், "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்றாள். தம்பி படித்து முடித்தபோது மாப்பிள்ளைகள் தாத்தாக்களாகியிருந்தார்கள். இதையெல்லாம் அவள் சொல்லிக்காட்டியதே கிடையாது. சொல்லிக்காட்டியிருந்தால் சேதுராமனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு கோழியையும் ஒரு புட்டி நல்லெண்ணெயையும் இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"டேய் சேது. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. புள்ளைக்குப் பொன்னம்மான்னு வையேன். எனக்கப்புறம் என் பேரைச் சொல்ல ஒரு ஆளு வேணாமா?"

திரைக்குப் பின்னாலிருந்து மல்லிகா தலையை நீட்டினாள். கண்ணை மட்டும் உருட்டினாள். அந்த உருட்டலில், 'பொன்னம்மாவா? பள்ளிக்கூடத்துல புள்ளைங்க சிரிக்காதுங்களா?' என்பது முழுசாக இருந்தது.

சேதுராமனுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்போது சபை நினைவுக்கு வந்தது. ஒரு சாதாரண மனிதனுக்குச் சபையால் கிடைக்கக்கூடிய ஒரே உபகாரம் அதன்மேல் பழி போடுவதுதான்.

"வைக்கணும்னுதாங்க்கா ஆசை. சபையில மூடிட்டாங்க."

"எதை?"

"பொன்னம்மாங்கிற பேரை."

அக்கா அழுவாள் என்று நினைத்தார். அவள் முகம் மலர்ந்தது.

"என் பேரையா? மூடுற அளவுக்கா வைக்கிறாங்க? தோட்டத்துல கெழவி பேருன்னு சிரிக்குதுங்கடா! டவுன்ல அவ்வளவு மவுசா?"

"ஆமாங்க்கா" என்றார் சேதுராமன்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா ஒன்றை நினைத்தால் விடமாட்டாள். அந்தக் குணத்தினால்தான் தம்பி படித்தான். அடுத்த ஞாயிறு தம்பி வீட்டுக்கு வராமல் நேராகச் சபைக்குப் போய்விட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் மாடிப்படி ஏறியதைக் கடைக்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னார். சேதுராமன் சட்டைப் பொத்தான் போடாமல் ஓடினார்.

அதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"பொன்னம்மாவை மூடிட்டீங்களாமே ஐயா. ஒரே ஒரு புள்ளைக்கு மட்டும் தொறந்து விடுங்க. நான் மரம் சீவறவ. வேற எதையும் கேட்டதில்லை."

நல்லையா கரும்பலகையைப் பார்த்தார். "நாங்கள் அதை மூடினதாத் தெரியேல்லையே, தலைவர்."

கலியாணசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். அந்த உரையைப் பிறகு பல நாள் மலாக்காவில் பேசிக்கொண்டார்கள்.

"செயலாளர் அவர்களே! புக்கிட் ரம்பாய்வரை எட்டிய ஒரு முடிவு நமக்குத் தெரியவில்லை என்றால் அது சபையின் குறை. சபைக்குக் குறை கிடையாது. ஆகவே முடிவு எடுத்திருக்கிறோம். எடுக்காத முடிவுக்காக ஒரு பெண்மணி பஸ் ஏறி வருவாரா? மேலும், இது நாள்வரை நம்மிடம் வந்தவர்கள் எல்லோரும் நம்மைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். இந்த அம்மாள்தான் கை கூப்பி வந்திருக்கிறார். அவரை ஏமாற்றலாமா? எழுதுங்கள்!"

சேதுராமன் உள்ளே நுழைந்தபோது நல்லையா சாக்கட்டியால் 'பொன்னம்மா' என்று எழுதி முடித்து, கடைசி எழுத்துக்குக் கால் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் ஒரு வார்த்தை..." என்றார் சேதுராமன்.

"நின்றுகொண்டு பேசுவது சபை மரபல்ல."

சேதுராமன் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது நாற்காலி இல்லை.

"பாத்தியாடா, எவ்வளவு பெரிய எழுத்துல போட்டிருக்காங்க" என்றாள் அக்கா, அவர் காதருகே.

அடுத்து நடந்ததற்குச் சபையைக் குற்றம் சொல்ல முடியாது. அது தாய்மார்களின் வேலை. மூடுகிறார்கள் என்றால் நல்ல பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. பாசாரில் மீன் வாங்க நின்றவர்கள் பொன்னம்மாவைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பெயரில் பொன் இருக்கிறது, அம்மா இருக்கிறாள், சுதந்திர நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார் ஒரு ஜோசியர். குருபோங் கிராமத்திலிருந்து ஒருத்தி பிரசவத்துக்கு முன்பே வந்து, எப்போதாவது இடம் காலியாகும் என்று வரிசையில் நின்றாள். விஜயா என்று பெயர் வைத்தவர்கள், அவசரப்பட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார்கள்.

ஒரு சாயங்காலம் மல்லிகா, "ஏங்க, நம்ம வீட்டுப் பேருங்க அது. உங்க சொந்த அக்கா பேரு. கண்டவங்க வரிசையில நிக்கிறாங்க. நீங்க மூட்டைக்கு மை தடவிட்டு இருக்கீங்களே!" என்றாள்.

"நீதானே கண்ணை உருட்டினே?"

"கண்ணுல தூசி விழுந்தா உருட்ட மாட்டாங்களா?"

பக்கத்துத் தெரு வேலாயுதத்தின் சங்கதி இதைவிட மோசம். அவர் மலாக்காச் செட்டி. பல தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கும் குடும்பம். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மன். தமிழ் அவர்களிடம் பெயரில் மட்டும் மிச்சம் இருந்தது. மூத்த பேத்திக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். இப்போது பேத்தி பிறந்திருந்தாள்; கொள்ளுப்பாட்டி பொன்னம்மா.

சீட்டு வாங்க வந்த வேலாயுதத்தைத் தலைவர் கட்டித் தழுவினார். "தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் பெயரைக் காத்த செம்மலே!" என்று தொடங்கி, டீ ஆறும்வரை தமிழில் பாராட்டினார். கடைசியில் பெயர் கிடையாது என்றார். மொழிபெயர்க்க ஆள் தேடியபோது, உள்ளே போகத் துணியாமல் படிக்கட்டில் நின்றிருந்த சேதுராமன் அகப்பட்டார்.

வேலாயுதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்டார்: "எங்கள் வீட்டுக் கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பூட்டி வைக்கும்படி நாங்கள் என்ன தப்புச் செய்தோம்? இவரைக் கேட்டுச் சொல்லு, தம்பி."

சேதுராமன் தலைவரைக் கேட்கவில்லை. "நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை" என்று மலாயில் தாமே சொன்னார். அதுவரை அந்தச் சபையில் பேசப்பட்ட ஒரே உண்மை அது. அதற்குமேல் அவருக்கும் தைரியம் வரவில்லை.

வேலாயுதம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் வீட்டுப் பெரியவர்களே குழந்தையின் காதில் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சீட்டையும் கேட்கவில்லை, சபையையும் கேட்கவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது மற்ற யாருக்கும் தோன்றவில்லை. "சீட்டில்லாத பேரு ஒரு பேராங்க?" என்றாள் மல்லிகா.

வேலாயுதத்தின் கேள்வி சேதுராமனை விடவில்லை. கிடங்கில் ஒரு மூட்டைக்கு மார்க் போடாமலே லாரியில் ஏற்றிவிட்டார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சபைக்குப் போனார். கையோடு வீட்டிலிருந்து ஒரு முக்காலியையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"ஐயா, பொன்னம்மாவை நீங்க மூடவே இல்லை. அக்காகிட்ட நான் சொன்ன பொய்யி அது. நான்தான் குத்தவாளி. பலகையில அழிச்சிடுங்க."

தலைவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"தம்பி, ஒருவன் சொன்ன பொய் சபையின் தீர்மானமாகிவிடும் என்கிறாய். ஆகாது. பலர் சேர்ந்து, முன்மொழிந்து, வழிமொழிந்தால்தான் ஆகும். பொன்னம்மா விஷயத்தில் நான் முன்மொழிந்தேன், செயலாளர் வழிமொழிந்தார். உனக்கு இதில் பங்கே கிடையாது. வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் பார்த்தாயா? தேவை இல்லாவிட்டால் நிற்பார்களா? அரிசி வரிசையை மேய்த்த நான் சொல்கிறேன்: வரிசை இருந்தால் பஞ்சம் இருக்கிறது. பஞ்சம் இருந்தால் நான் இருக்கிறேன்."

"அப்ப எங்க புள்ளைக்கு?"

நல்லையா இருமினார். "ரேஷனில ஒரு வழி இருந்தது, தலைவர். ஒராள் கார்டைத் திருப்பிக் குடுத்தா, இன்னொராளுக்குக் குடுக்கலாம்."

தலைவரின் முகம் பளிச்சென்றது. அந்த இடத்திலேயே விதி பிறந்தது: உயிரோடு இருக்கும் ஒரு பொன்னம்மா தானாக முன்வந்து தன் பெயரைச் சபையிடம் ஒப்படைத்தால், காலியாகும் இடம் அவர் சுட்டும் குழந்தைக்கு.

சேதுராமன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அக்காவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தார். ஆனால் சபை அறிவிப்பை மூன்று பஸ் ஸ்டாப்பில் ஒட்டியது. ஒன்று புக்கிட் ரம்பாயில்.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு முந்தின ஞாயிறு. தெருவெல்லாம் தோரணம். அக்கா நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். படிக்கட்டு முழுக்கத் தாய்மார்கள். சேதுராமன் அவளைச் சுவரோரமாக இழுத்தார்.

"அக்கா, வேணாங்க்கா. கைநாட்டு வைக்காதே."

"ஏன்டா? யாருக்குக் குடுக்கறேன், நம்ம புள்ளைக்குத்தானே?"

"உன் பேரை யாரும் மூடலைக்கா. மூடினாங்கன்னு நான்தான் சும்மா சொன்னேன். மல்லிகாவுக்கு உன் பேரு புடிக்கலை. எனக்கும்... எனக்கும் அப்பப் புடிக்கலை."

சொல்லிவிட்டார்.

அக்கா படிக்கட்டைப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையும் கையில் விசிறியுமாக நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு தம்பியின் கன்னத்தைத் தட்டிச் சிரித்தாள்.

"போடா கிறுக்கா. இத்தனை பேரு அதுக்குத்தான் நிக்கிறாங்க, உனக்குப் புடிக்கலையாம்! நான் பேரை விடக் கூடாதுன்னு என்னென்ன பொய்யெல்லாம் சொல்றே பாரு. சின்னதுலேருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது."

அவள் மேலே ஏறிப் போய்க் கட்டை விரலை மையில் அழுத்தினாள். கூட்டம் கை தட்டியது. தலைவர் தியாகத்தைப் பற்றிப் பேசினார். "அம்மாளுக்கு இனி என்ன பேர், தலைவர்?" என்று நல்லையா கேட்டதற்கு, "பரிசீலனையில் இருக்கிறது" என்றார். குருக்கள் அன்றைக்கே குழந்தையின் காதில் பொன்னம்மா என்று மூன்று முறை சொன்னார். மல்லிகா அண்டை வீடுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள்.

நாடு சுதந்திரம் அடைந்தது. சில நாள் கழித்துப் புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்கள். உங்கள் அக்கா வேலைக்குப் போகவில்லை, நோயும் இல்லை, வந்து பாருங்கள்.

சேதுராமன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அன்று மாலையே போய்ச் சேர்ந்தார். அக்கா தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"காலையில பெரட்டுல, ஆள் கணக்கு எடுக்கறப்ப, கிராணி பொன்னம்மான்னு கூப்புடறாருடா. அது இப்பப் புள்ளை பேரு. ஊரு முன்னால கைநாட்டு வச்சுக் குடுத்தாச்சு. நான் எப்படி அதுக்கு ஏன்னு கேக்கறது? ஏமாத்து வேலை இல்லையா? 'பின்னே உன் பேரு என்ன'ன்னாரு. 'இன்னும் குடுக்கலைங்க'ன்னேன். ஆள் வரலைன்னு போட்டுட்டாரு."

"நீ எதிர்லதானே நிக்கிறே?"

"நிக்கிறேன். பேருக்குத்தானே கணக்கு?"

அந்தத் தோட்டத்துக் கிராணி, கலியாணசுந்தரத்திடம் தொழில் பழகியவர். கூப்பிட்ட பெயருக்குச் சத்தம் வந்தால்தான் அவருக்கு ஆள்.

மறுநாள் விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சேதுராமனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். எல்லாவற்றையும் கிராணியிடம் விளக்கிச் சொல்லிவிடுவது என்று இரவெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்திருந்தார்.

"பொன்னம்மா!"

அக்கா வாளியைப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் நின்றாள். தம்பியின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். அந்தப் பெயர் ஊர் கேட்கக் கூப்பிடப்பட்டதில் அவள் கண்ணில் அவ்வளவு பெருமை.

சேதுராமன் விளக்கத்தைத் தொடங்க வாய் திறந்தார்.

"இருக்கா!" என்று சத்தம் கொடுத்தார்.

கிராணி நிமிராமலே குறித்துக்கொண்டார். அக்கா சிரித்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் போனாள். "மருமகளுக்குப் பதிலா அத்தைக்காரி மரம் சீவறா, அவ்வளவுதானே" என்று பக்கத்தில் போனவளிடம் சொன்னது கேட்டது.

பிறந்து இரண்டு மாதமே ஆன பொன்னம்மா அன்றிலிருந்து ஒழுங்காக வேலைக்கு வருகிறாள். சபையின் பரிசீலனை இன்னும் முடியவில்லை. சேதுராமன் தினமும் இருட்டோடு எழுந்து, காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் புக்கிட் ரம்பாய் போய், சத்தம் கொடுத்துவிட்டுக் கிடங்குக்குத் திரும்புகிறார். "எனக்காகத் தெனமும் வரான். பெத்த புள்ளகூட இப்படி வராது" என்று அக்கா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை அவர் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது. அன்று ஒரு நாள் அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை.